டிவி முதல் ஸ்பீக்கர் வரை: பழுதை நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

டிவி ஓடவில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். ஆனால் அது கடைசியில் கையில் எடுக்க வேண்டிய கருவி. மின்சாரமும் சிக்னலும் எந்த இடம் வரை ஒழுங்காக வருகின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று கண்டுபிடிப்பதில்தான் ரிப்பேர் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. கெட்ட பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் போடுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை. அதனால் இந்த வழிகாட்டியும் மின்சாரம் போகிற பாதையிலேயே போகிறது: சுவர் பிளக், அந்த மின்சாரத்தைச் சாதனத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சப்ளை போர்டு, சாதனத்தின் மூளையான மெயின் போர்டு, அப்புறம் திரையோ ஸ்பீக்கரோ.

தொடக்கூடாதவை

பழைய பிக்சர் டியூப் டிவியைத் திறக்காதீர்கள். அதன் டியூபில் உயர் மின்னழுத்தம் நுழையும் முனையான ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் கண்ணாடியே அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழகியவர்கள் செய்யட்டும்.

தட்டையான டிவி, ஹோம் தியேட்டர், செட் டாப் பாக்ஸ் ஆகியவற்றில் ஆபத்து ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது: சப்ளை போர்டில் நிற்கும், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் மிகப் பெரிய கெபாசிட்டர். சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி., அதில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆக நிற்கும். பெரிய டிவிகளில் பவர் பேக்டர் திருத்தும் சுற்று இருந்தால் 380 முதல் 400 வரை போகும். நல்ல போர்டில் பிளக்கை எடுத்த சில நிமிடங்களில் இது தானாக வடிந்துவிடும். கெட்டுப்போன போர்டில் வடியாமல் நிற்கலாம், நீங்கள் திறப்பதோ கெட்டுப்போன போர்டை. எனவே பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, மல்டிமீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டி.சி.யில் வைத்து அந்தக் கெபாசிட்டரின் இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப் வயர்களில் கட்டி, சில நொடிகள் கால்களுக்குக் குறுக்கே பிடியுங்கள். மறுபடி அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது பார்க்க வீரமாக இருக்கும். கெபாசிட்டருக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல.

அதே போர்டில் ஒரு வெள்ளைக் கோடோ காலி இடைவெளியோ போர்டை இரண்டாகப் பிரிப்பதைக் காணலாம். ஒரு பக்கம் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள ஹாட் பகுதி, மறுபக்கம் ஒப்பளவில் பாதுகாப்பான கோல்ட் பகுதி. டிரான்ஸ்பார்மர், ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோ கப்ளர் போன்ற சில பாகங்கள் மட்டும் இரண்டையும் தாண்டி உட்கார்ந்திருக்கும். கோல்ட் பக்கத்தில் அளக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை (ப்ரோபை) இரும்புச் சேஸிஸில் வைக்கலாம். ஹாட் பக்கத்தில் அப்படி வைத்தால் அளவு தப்பாக வரும். அங்கே பெரிய கெபாசிட்டரின் மைனஸ் காலில் வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஹாட் பக்கத்தை மின்சாரம் இல்லாமல் மட்டுமே சோதிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி மிச்சம் இருக்கிற சாதனத்தைத் திறக்கவே வேண்டாம்.

மேஜையில் இருக்க வேண்டியவை

பஸ்ஸர் மோடு (இணைப்பு அறுந்திராவிட்டால் ஒலிக்கும்), டயோடு மோடு இரண்டும் உள்ள ஒரு நல்ல மல்டிமீட்டர். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயர்ன், 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த சோல்டர்), அது நன்றாக ஒட்ட உதவும் பிளக்ஸ், பழைய ஈயத்தை உறிஞ்ச சக்கர், செம்புப் பின்னல். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர், பிளாஸ்டிக் நெம்புகோல். ஸ்க்ரூக்களைப் பிரித்து வைக்கச் சின்னச் சின்ன மூடிகள். இவை போதும், சிக்னலின் அலை வடிவத்தைக் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாமலேயே வீட்டுப் பழுதுகளில் மிகப் பலவற்றைப் பிடித்துவிடலாம்.

இதோடு சீரிஸ் லேம்ப் ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். 60 முதல் 100 வாட் வரையுள்ள பழைய இழை பல்பு ஒன்றை, சாதனத்துக்குப் போகும் லைன் வயரில் தொடராக இணைத்த சோதனைப் பெட்டி அது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சாதனத்தைப் போட்டதும் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால், உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். ஆனால் போர்டு வெடிக்காது, புது ஃபியூஸும் போகாது. பெரிய டிவி இந்தப் பல்பு வழியாக முழுதாக ஓடாமல் திணறலாம். இது ஷார்ட் பார்க்க மட்டும்.

பிரிக்கும் முன்

வேறொரு சாதனத்தைச் செருகிச் சுவர் பிளக்கைச் சோதியுங்கள். பவர் கார்டைக் கழற்ற முடிந்தால் மாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, டிவியின் உடம்பில் உள்ள பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி செருகுங்கள். குழம்பிப்போன பிராசஸர் இதிலேயே தெளிந்துவிடுவது உண்டு.

செட் டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ரவுட்டர் போன்றவை தானாக அணைந்து அணைந்து எழுந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மீது. சும்மா அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும்; சாதனத்தைச் செருகியதும் 9க்கு இறங்கிவிடும். எனவே சாதனம் ஓடும்போதே அளக்க வேண்டும். மாற்று அடாப்டரில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று லேபிளில் போட்டிருக்கும் படத்தையும் ஒப்பிடுங்கள்.

படத்தில் கோளாறு என்றால் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு தெளிவாக இருந்து, ஓடும் படம் மட்டும் கெட்டிருந்தால் திரை நன்றாகவே இருக்கிறது. குற்றம் கேபிளிலோ, எச்.டி.எம்.ஐ. போர்ட்டிலோ, அனுப்பும் பெட்டியிலோ. வேறு போர்ட், வேறு கேபிள், குறைந்த ரெசொல்யூஷன் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். மெனுவும் சேர்ந்து கலங்கியிருந்தால் டிவிக்குள்தான் பழுது.

படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால், செட்டிங்ஸில் ஆடியோ வெளியீடு, வெளி ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் ஆப்டிகலுக்கோ ஏ.ஆர்.சி.க்கோ மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் திறக்க வேண்டாம்.

சிவப்பு விளக்குகூட எரியாத டிவி

டிவியை மென்மையான போர்வை மேல் முகம் குப்புற வையுங்கள். பின்மூடியை எடுக்கும் முன்பும் பின்பும் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் அது திரைக் கண்ணாடியான பேனல் வரை போய்விடும்.

உள்ளே பெரும்பாலும் பவர் கார்டு வந்து சேரும் சப்ளை போர்டு, எச்.டி.எம்.ஐ. வாய்கள் உள்ள மெயின் போர்டு, திரையின் விளிம்பை ஒட்டி, படச் சிக்னலைப் பேனலுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்ன டி-கான் போர்டு ஆகியவை இருக்கும். சில புதிய டிவிகளில் எல்லாம் ஒரே போர்டுக்குள் அடங்கிவிட்டன.

கண்ணாலும் மூக்காலும் தொடங்குங்கள். தலை உப்பிய கெபாசிட்டர், கசிந்த பழுப்புத் திரவம், கருகிய ரெசிஸ்டர், டிரான்ஸ்பார்மர் கால்களைச் சுற்றி வட்டமாக வெடித்த ஈயம் ஆகியவற்றைத் தேடுங்கள். வட்ட வெடிப்புக்கு டிரை சோல்டர் என்று பெயர். சூடாகிக் குளிர்ந்து வரும் கனமான பாகங்களில்தான் அதிகம் வரும். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தால் சரியாகிவிடும்.

அடுத்து ஃபியூஸ். பஸ்ஸரில் வைத்து ஒலித்தால் ஓகே. போயிருந்தால் அதன் கண்ணாடி பேசும்: உட்புறம் கறுத்து வெள்ளி பூசியதுபோல இருந்தால் பலமான ஷார்ட், இழை மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் திடீர் மின்னழுத்த ஏற்றமோ ஃபியூஸின் வயதோ காரணமாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் புது ஃபியூஸ் போடும் முன் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஹாட் பக்க மாஸ்பெட், மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும், நீல நிறத் தட்டு மாதிரி இருக்கும் வேரிஸ்டர் மூன்றிலும் ஷார்ட் பாருங்கள். நல்ல சிலிக்கான் டயோடு, டயோடு மோடில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும். மறுபக்கம் எதுவும் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். போர்டில் இருக்கும்போது சந்தேகமாக இருந்தால் ஒரு காலைத் தூக்கி அளக்கலாம். ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்பியரோ வயர்த் துண்டோ போடுவது தீயை விலைக்கு வாங்குவது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் கோல்ட் பக்கத்துக்கு வாருங்கள். சப்ளையையும் மெயின் போர்டையும் இணைக்கும் கனெக்டர் பக்கத்திலேயே ஒவ்வொரு பின்னின் பெயரும் அச்சாகியிருக்கும். டிவி அணைந்திருக்கும்போதும் நிற்க வேண்டிய ஸ்டாண்ட்பை வோல்ட், பெரும்பாலும் 5 அல்லது 3.3, வருகிறதா? சில மாடல்களில் தனி ஸ்டாண்ட்பை இல்லாமல் 12 வோல்ட்டே எப்போதும் நிற்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஸ்டாண்ட்பை வரவில்லை என்றால், ஸ்டாண்ட்பை ஐ.சி.யின் அருகில் இருக்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபேரட், 50 வோல்ட் குட்டிக் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். தலை உப்பாமலே காய்ந்துபோகும் ஆள் அது.

ஸ்டாண்ட்பை வருகிறது, ரிமோட்டில் பவர் அழுத்தினாலும் சப்ளையை எழுப்பும் பவர் ஆன் பின்னில் மாற்றம் இல்லை என்றால் சப்ளை மேல் குற்றமில்லை. டிவியின் பட்டன் போர்டு கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட ஒரு பட்டன் முழு டிவியையும் நிறுத்தி வைக்கும். அதுவும் இல்லையென்றால் மெயின் போர்டு. பவர் ஆன் வந்து, 12 வோல்ட் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பிளக்கை எடுத்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டின் கனெக்டரைக் கழற்றிச் சோதியுங்கள். அப்புறம் டி-கான் கேபிள். எதைக் கழற்றியதும் 12 நிற்கிறதோ, அந்தப் பக்கம் தேடுங்கள்.

கெபாசிட்டர் மாற்றும்போது மைக்ரோஃபேரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவோ சற்றுக் கூடுதலோ, வெப்பம் 105 டிகிரி, வகை லோ ஈ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்தது). உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டைக் கோடு உள்ள பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

சத்தம் இருக்கிறது, படம் இல்லை

எல்.இ.டி. டிவிகளில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பழுது இதுதான், வீட்டில் சரிசெய்யத் தகுந்ததும்கூட. பின்மூடியைத் தொடும் முன் அறையை இருட்டாக்கி, டிவியைப் போட்டு, திரை மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல், மெயின் போர்டு, டி-கான் எல்லாம் நலம். பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம் மட்டும் இல்லை.

பேக்லைட் எல்.இ.டி.கள் அலங்கார சீரியல் பல்பு போலத் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் இருட்டு. ஆன் செய்த கணத்தில் பேக்லைட் கனெக்டரில் வோல்ட் எகிறி, உடனே விழுந்தால் வரிசை எங்கோ அறுந்திருக்கிறது. வோல்ட் எழவே இல்லை என்றால் பேக்லைட் ஆன் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் எழவில்லை என்றால், எல்.இ.டி.களுக்கு வோல்ட் கொடுக்கும் டிரைவர் சுற்றில் பழுது. பேக்லைட் டெஸ்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கனெக்டரைக் கழற்றி நேரடியாக வரிசைக்குக் கொடுத்தால் எரிகிறதா என்று தெரிந்துவிடும். அதன் வெளியீடு 300 வோல்ட் வரை போகலாம் என்பதால் முனைகளைத் தொட வேண்டாம்.

எல்.இ.டி. வரிசைதான் குற்றவாளி என்று உறுதியானால் பேனலைத் தூக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடவே கூடாது.

1. இரண்டு பேர் வேண்டும். டிவியைவிடப் பெரிய, சமமான, துணி விரித்த இரண்டு மேஜைகளைத் தயாராக வையுங்கள்.

2. டி-கானிலிருந்து பேனலுக்குப் போகும் பட்டை கேபிள்களின் பூட்டைத் திறந்து உருவுங்கள். பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும், சிப் பதித்த மெல்லிய சி.ஓ.எஃப். நாடாக்களை இழுக்கவோ மடிக்கவோ கூடாது. அது கிழிந்தால் பேனல் போச்சு.

3. முன் சட்டத்தை எடுத்து, கையுறை அணிந்து, பேனலை நான்கு மூலைகளிலும் சமமாகத் தூக்கி, நேராகக் கொண்டுபோய் மற்ற மேஜையில் வையுங்கள். வளைந்தால் உடையும்.

4. அடுத்து வரும், வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும் டிஃப்யூஸர் ஷீட்டுகளின் ஒரு மூலையில் மார்க்கரால் குறி போடுங்கள். வரிசையும் திசையும் மாறினால் படத்தில் நிழல் விழும்.

5. ஒவ்வொரு எல்.இ.டி.யாகச் சோதியுங்கள். மாடலைப் பொறுத்து ஒவ்வொன்றும் 3 அல்லது 6 வோல்ட். நடுவில் கறுப்புப் புள்ளி விழுந்தது பெரும்பாலும் இறந்ததுதான்.

6. ஸ்டிரிப்பின் மேல் அச்சான எண், எல்.இ.டி. எண்ணிக்கை, வோல்ட், நீளம், கனெக்டர் ஐந்தும் ஒத்துப்போகும் முழு செட் வாங்குங்கள்.

ஒரு எல்.இ.டி.யை மட்டும் மாற்றினாலும் எரியும். இறந்ததன் குறுக்கே வயர் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிச்சம் உள்ளவையும் அதே வெப்பத்தில் அதே வயதை எட்டியவை. சில மாதத்தில் மறுபடி பேனலைத் தூக்க நேர்ந்தால் அந்த முறையும் உடையாது என்று யார் சொல்ல முடியும்?

ஷீட்டுகளை வைக்கும் முன் டெஸ்டரில் எல்லா வரிசையும் எரிவதைப் பார்த்துவிடுங்கள். தூசி ஒன்று உள்ளே சிக்கினாலும் படத்தில் கறுப்புப் புள்ளியாக நிரந்தரமாகத் தெரியும். டிவி ஓடியதும் செட்டிங்ஸில் பேக்லைட் அளவை 60 அல்லது 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். இவை இறப்பதற்கு முக்கியக் காரணம் வெப்பம். முழு வெளிச்சம் முழு வெப்பம்.

படம் நன்றாக வந்து, திரையில் பளிச்சென்ற வெள்ளை வட்டங்கள் மட்டும் தெரிந்தால் எதுவும் இறக்கவில்லை. எல்.இ.டி. மேல் ஒட்டியிருந்த குட்டி லென்ஸ் பசை விட்டு விழுந்திருக்கிறது. அதே இடத்தில் ஒட்டிவிட்டால் போதும். ஆனால் அதற்கும் பேனலைத் தூக்கியாக வேண்டும்.

கோடுகளும் பாதிப் படமும்

ஒரே ஒரு மெல்லிய நெட்டுக்கோடு வந்து, பேனல் விளிம்பை மெதுவாக அழுத்தினால் மறைந்தால், சி.ஓ.எஃப். ஒட்டு விட்டிருக்கிறது. அதை ஒட்ட இயந்திரம் வேண்டும், வீட்டில் ஆகாது. பாதித் திரை இருட்டு, நெகட்டிவ் போன்ற நிறம், வெளுத்த படம் என்றால் நம்பிக்கை இருக்கிறது. மெயின் போர்டுக்கும் டி-கானுக்கும் இடையே படச் சிக்னலைக் கொண்டுபோகும் எல்.வி.டி.எஸ். கேபிளைக் கழற்றி, முனைகளை ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகுங்கள். டி-கானில் நுழைவாயிலில் ஒரு நுண்ணிய ஃபியூஸ் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட், பெரும்பாலும் 12, வர வேண்டும்.

பேனல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் இத்தோடு நிறுத்தலாம். அதன் விலை டிவியின் விலையை நெருங்கும். நல்ல போர்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு வாங்கும்போது டிவி மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு பேனல் வரும். போர்டின் மேல் உள்ள எண், பேனல் லேபிளில் உள்ள எண் இரண்டையும் ஒப்பிடுங்கள். மெயின் போர்டின் மென்பொருள் பேனலுக்குப் பொருந்தாவிட்டால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும்.

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும்

ஒரு பக்கம் சத்தம் இல்லையா? இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றுங்கள். ஊமை அதே ஸ்பீக்கரில் இருந்தால் ஸ்பீக்கர். பக்கம் மாறினால் ஆம்ப்ளிஃபையர் அல்லது உள்ளீட்டுக் கேபிள்.

8 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 முதல் 7 ஓம் காட்டும், 4 ஓம் என்றால் 3 சொச்சம், இது இயல்பு. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது. அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பை (கோனை) விரல்களால் சமமாக அழுத்தும்போது உரசல் கேட்டால் அந்தச் சுருள் காந்தத்தில் தட்டுகிறது. விளிம்பில் உள்ள ஃபோம் வளையம் பொடியாக உதிர்ந்திருந்தால் மகிழ்ச்சியான செய்தி: வளையமும் பசையும் தனியாகக் கிடைக்கும். பொறுமை இருந்தால் ஒரு மாலை வேலை.

வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அந்தத் திருகுக்குப் பின்னால் உள்ள பொட்டன்ஷியோமீட்டருக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது முறை முழுதாகத் திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். தூசியைச் சேர்த்து வைக்கும்.

ஆன் செய்ததும் கேட்கிற, ஸ்பீக்கரை இணைக்கும் ஸ்விட்சான ரிலேயின் கிளிக் சத்தம் வரவில்லை என்றால் எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றிப் பாருங்கள். இப்போது கிளிக் வந்தால் வெளியே வயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட். வரவில்லை என்றால் ரிலேக்கு முன்னால், வெளியீட்டில் டி.சி. அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அந்த நிலையில் ஸ்பீக்கரைக் கட்டினால் அதுவும் எரியும்.

‘ம்ம்’ என்ற இரைச்சலுக்கு எல்லா உள்ளீடுகளையும் கழற்றுங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (சாதனங்களின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாகும் வளையம்), ஆன்டெனா அல்லது கேபிள் டிவி வயரில் இருந்து தேடத் தொடங்கலாம். நிற்காவிட்டால் சப்ளையின் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர். இரைச்சல் போகிறது என்று எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

சின்னச் சாதனங்கள்

ரிமோட்டின் முனையைப் போன் கேமரா முன் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கேமராவில் மினுங்கும். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் பாருங்கள். மினுங்கினால் ரிமோட் நலம், டிவியின் ரிசீவரைப் பாருங்கள். சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பிரித்து, ரப்பரின் கார்பன் புள்ளிகளையும் போர்டையும் ஆல்கஹாலில் துடையுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் படிவை வினிகர் தொட்ட பஞ்சால் எடுத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். புளூடூத் ரிமோட்டுகளில் பல பட்டன்களுக்கு ஒளியே வராது. அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

புளூடூத் ஸ்பீக்கரில் முதலில் சார்ஜ் வாய். ஆடினால் டிரை சோல்டர். லித்தியம் செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். 2.5க்குக் கீழே நெடுநாள் கிடந்ததை எழுப்ப முயலாதீர்கள், மாற்றுங்கள். உப்பியதைக் குத்தவோ, அழுத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது.

டிஸ்க் பிளேயரின் தட்டு வெளியே வராவிட்டால் தளர்ந்த ரப்பர் பெல்ட். டிஸ்க்கைப் படிக்காவிட்டால் லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். மூடி திறந்து ஓடும்போது லேசருக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். கேம் கன்ட்ரோலரின் குச்சி தானாக நகர்ந்தால் சுத்தம் செய்வது தற்காலிகத் தீர்வு. நகர்வைக் காந்தத்தால் உணரும், உரசித் தேயும் பாகம் இல்லாத ஹால் சென்சர் குச்சியாக மாற்றினால் நீண்டநாள் வரும். ஆனால் அதற்கு ஒரு டசனுக்கும் மேற்பட்ட கால்களில் ஈயம் எடுக்க வேண்டும். முதல் சோல்டரிங் வேலையாக இதை எடுக்காதீர்கள்.

ஈயம் வைப்பது

பழைய போர்டு ஒன்றில் பழகுங்கள். அயர்ன் 320 முதல் 350 டிகிரி. நுனி, காலையும் போர்டின் செம்பையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஈயத்தை நுனியில் அல்ல, சூடான இணைப்பில் கொடுக்க வேண்டும். கூம்பாகப் படிந்து பளபளத்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை. இன்றைய போர்டுகளில் ஈயமற்ற கலவை இருக்கும்; அது சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், 60/40 அதற்கு 30 டிகிரி முன்பே உருகிவிடும். எனவே கழற்ற வேண்டிய காலில் முதலில் கொஞ்சம் 60/40 சேர்த்து, அப்புறம் சக்கர் வைத்தால் சுலபமாக வரும். காலை நெம்பாதீர்கள், செம்புப் பட்டை பெயர்ந்துவிடும்.

மூடி ஓட்டிப் பார்ப்பது

எல்லா கனெக்டரும் முழுதாக அமர்ந்திருக்கின்றனவா, சப்ளை போர்டுக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் காப்புத் தாள் மறுபடி இடத்தில் இருக்கிறதா, ஈயத் துளி எங்கும் சிந்தவில்லையா என்று போட்டோவோடு ஒப்பிடுங்கள். முதல் ஆன் சீரிஸ் லேம்ப் வழியாக. பல்பு மங்கினால் பிளக்கை நேரடியாக மாற்றி, 12 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பின்மூடியை நான்கு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தி, ஆள் இருக்கும்போது இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். சூடான பிறகே தலைகாட்டும் பழுதுகள் இந்த நேரத்தில் வெளியே வரும். வாசனையோ, சீறல் சத்தமோ வந்தால் உடனே பிளக்கை எடுத்துவிட்டு, ஈயம் வைத்த இடங்களில் இருந்து மறுபடி தேடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் மிச்ச ஸ்க்ரூக்களைப் போட்டுவிடலாம். கழற்றிய லித்தியம் செல் இருந்தால் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் அங்கே தீப்பிடிக்கலாம்.